பூ உண்டு, பொந்து இல்லை

விருந்துக்கு அழைப்பது வேறு, குடிவைப்பது வேறு. விருந்தாளி சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். குடிவந்தவர் அப்படியல்ல. சுவரில் ஆணி அடிப்பார், ராத்திரியில் இருமுவார், பிள்ளை பெறுவார். வீட்டுத் தோட்டத்துக்குத் தேனீயையும் குருவியையும் வரவழைப்பது பற்றி இப்போது பேசுகிறவர்கள், எழுதுகிறவர்கள், செடி விற்கிறவர்கள் எல்லோரும் விருந்தைப் பற்றியே பேசுகிறார்கள். எந்தப் பூ வைத்தால் எது வரும் என்பதுதான் கேள்வி. வந்தது எங்கே தங்கும் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை.

பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கத்தைத் தாண்டினால் திருப்போரூர் வரை நர்சரிகளுக்குக் குறைவில்லை. மனை வாங்கி வீடு கட்டிப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை நிறுத்திவிட்டு இறங்குகிறார்கள். “பட்டர்ஃபிளை வர்ற மாதிரி ஏதாவது குடுங்க.” கடைக்காரர் இட்லிப்பூ, உன்னி, பென்டாஸ் என்று தொட்டியாக எடுத்து வைக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, இவற்றுக்கு வண்ணத்துப்பூச்சி வரத்தான் செய்யும். கிளம்பும்போது இன்னொரு கேள்வி வருகிறது: “எலுமிச்சங்கன்னுல புழு வெக்கிது, அதுக்கு என்ன அடிக்கலாம்?” ஒரு புட்டி கைமாறுகிறது. வண்ணத்துப்பூச்சியை அழைக்கும் செடிக்கும் அதன் பிள்ளையைக் கொல்லும் மருந்துக்கும் ஒரே பில்.

எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வருகிற அந்தப் புழு பெரும்பாலும் எலுமிச்சை அழகியினுடையது. சின்னதாக இருக்கும்போது குருவி எச்சம் இலைமேல் விழுந்து காய்ந்ததுபோல் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும். வளர்ந்தபின் பச்சை. விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு கவட்டைக் கொம்பை வெளியே நீட்டும், கூடவே ஒரு நெடி. அவ்வளவுதான் அதன் ஆயுதம். கன்றில் நாலு கிளையைத் தின்று தீர்த்துவிட்டுக் கூட்டுப்புழுவாகிவிடும், கன்று மறுபடி துளிர்க்கும். எருக்கில் வெந்தய வரியன், அரளியில் வெண்புள்ளிக் கறுப்பன், ஆடுதின்னாப்பாளையில் சிவப்புடல் அழகி என்று ஒவ்வொன்றும் தன் பிள்ளைக்கு இன்ன இலை என்று வைத்திருக்கிறது. ஆட்டுக்கே ஆகாத கசப்பை அந்தப் புழு தின்று உடம்பில் ஏற்றிக்கொள்வதால், பறக்கும் வயதில் பறவைக்கும் அது ஆகாமல் போகிறது. ஆடுதின்னாப்பாளையை எந்த நர்சரியிலும் தொட்டியில் வைத்து நான் பார்த்ததில்லை. கரிசலும் களரும் கண்ட இடத்தில் தரையோடு படர்கிற பூண்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

தேனீயின் கதை இதைவிடச் சிக்கல். தேனீ என்றதும் நம் மனம் நேராகத் தேனடைக்குப் போய்விடுகிறது. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ வகைகள் உண்டு, அவற்றில் கூட்டமாக வாழ்ந்து தேன் சேர்த்து வைப்பவை கொஞ்சம்தான். நம் பக்கத்தில் மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, கொசுத்தேனீ. மற்றவை பெரும்பாலும் தனிக்கட்டைகள். ஒரு பெண் ஈ தானே துளை தேடி, தானே மகரந்தம் உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, வாயை அடைத்துவிட்டுப் போய்விடும். பிள்ளையின் முகத்தைக்கூட அநேகமாகப் பார்ப்பதில்லை. ராணி இல்லை, படை இல்லை, காவல் காக்க வேண்டிய சொத்தும் இல்லை. ஆகவே கொட்டுகிற அவசியமும் அதற்கு வருவது அரிது.

இந்தத் தனிக்கட்டைகள் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டுமானால் ஒரு கத்தரிப் பூவைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். நடுவே மஞ்சளாகக் குவிந்து நிற்கும் மகரந்தப் பைகள் வெடித்துத் திறப்பவை அல்ல. ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசியால் குத்தியதுபோல் துளை, அவ்வளவே. உள்ளே தூள் இருக்கிறது, வெளியே வர வழியில்லை. தேனும் அந்தப் பூவில் கிடையாது. காலை வெயில் ஏறும் நேரத்தில் வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு சின்ன ஈ வருகிறது. நீலவரித் தேனீ என்கிறார்கள். வந்து பூவைத் தாடையால் கவ்வி, உடம்பை அதன்மேல் வளைத்து, இறக்கையை விரிக்காமல் பறக்கும் தசையை மட்டும் முறுக்கி அதிர்கிறது. பறக்கும்போது கேட்ட ரீங்காரம் சட்டென்று மேல்ஸ்தாயிக்குப் போகும். அந்த நொடியில் துளைகளிலிருந்து தூள் கொட்டுகிறது. ஈயின் வயிறெல்லாம் மஞ்சள். பெரிய கறுப்புத் தச்சுத்தேனீயும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் முரட்டுத்தனமாக. காற்று ஆட்டினாலும் கத்தரி ஓரளவு காய்க்கும். இவை வந்து உலுக்கினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். தக்காளிக்கும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான்.

அடுக்குத் தேனீயால் இது ஆகாது. பூவை அதிரவைக்கும் வித்தை அந்த இனத்துக்கு வரவில்லை. மாடித்தோட்டத்தில் கத்தரி காய்க்கவில்லை என்று தேனீப் பெட்டி வாங்கி வைப்பவர்களிடம் இதை யாராவது சொல்ல வேண்டும். பெட்டியின்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பாதிரியார் நியூட்டன் 1910களில் திருச்சிப் பக்கம் எளிய மரப்பெட்டி ஒன்றை வடிவமைத்து ஆட்களைப் பழக்கியதிலிருந்து தமிழ்நாட்டுக்கு அதில் நல்ல பெயர் உண்டு. மார்த்தாண்டம் அதனால் பிழைத்தது. 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் வந்து தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதியைக் காலி செய்ததும் அதே வரலாற்றில் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது வளர்ப்பு. நான் பேசுவது தானாக வருவதைப் பற்றி.

தானாக வருவது எங்கே தங்குகிறது? தச்சுத்தேனீ காய்ந்த மூங்கிலில், பட்டுப்போன முருங்கைக் கிளையில். முருங்கை காய்ப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. விடியற்காலையில் பூவுக்கு வருவதும் அதே மரத்தின் செத்த கிளையில் குடியிருப்பதும் ஒரே பூச்சி. நீலவரித் தேனீ மண் தரையில், மண்சுவரில். இலைவெட்டித் தேனீ சுவரில் ஆணி பிடுங்கிய துளை, சுருட்டி வைத்த ரப்பர் குழாயின் முனை, காய்ந்த தண்டு என்று கிடைத்ததில். ரோஜா இலையின் ஓரத்தில் அளவெடுத்ததுபோல் வட்டமாகத் துண்டு காணாமல் போயிருந்தால் அது நோய் அல்ல, எவளோ ஒருத்தி தன் பிள்ளைக்குத் தொட்டில் கட்ட எடுத்துப்போயிருக்கிறாள். கொசுத்தேனீ பழைய செங்கல் சுவரின் இடுக்கில். பிசினால் ஒரு சின்னக் குழாயைச் சுவருக்கு வெளியே நீட்டிவைத்து அதுதான் வாசல் என்று நாலைந்து காவலாட்கள் தலையை நீட்டிக்கொண்டு இருப்பார்கள். கொடுக்கு இல்லாத காவல். கொம்புத் தேனீ மருதாணிப் புதரில் உள்ளங்கை அளவு ஒற்றை அடை தொங்கவிடும். அடை தொங்கும் குச்சியின் இரண்டு பக்கமும் பிசின் பூசி வைத்திருக்கும், எறும்பு தாண்ட முடியாது.

உலகத் தேனீ வகைகளில் பத்துக்கு ஏழு மண்ணில் வளை தோண்டுபவை என்கிறார்கள். திருப்போரூரில் புதிதாக எழும்பும் வீடுகளில் மண் எங்கே இருக்கிறது? மனையின் நாலு எல்லைக்கும் காம்பவுண்டு, காம்பவுண்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பேவர் பிளாக், அதன்மேல் வரிசையாகத் தொட்டி. தொட்டியில் மண்ணே கிடையாது, தென்னைநார்க் கழிவு. மண்சுவர் என்று ஒன்று இருந்ததைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பட்ட கிளையை உடனே வெட்டிவிடுகிறோம். சுவர் வெடிப்பைச் சிமென்ட் வைத்து அடைக்கிறோம். பிறகு இட்லிப்பூவை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். வருகிறவர்கள் பக்கத்து மனையிலிருந்து வருகிறார்கள், தின்றுவிட்டு அங்கேயே போய்விடுகிறார்கள்.

என் வீட்டுப் பந்தல் மூங்கிலில் ஒரு தச்சுத்தேனீ துளையிட்டபோது கீழே தரையில் மெல்லிய மரத்தூள் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். “சார், உங்க பந்தல்ல கருவண்டு தொள போடுது, பாத்தீங்களா?”

“பார்த்தேன் சார்.”

“மருந்தடிக்கிற ஆள் நம்பர் தரட்டா? வுட்டா வூட்டுக் கதவெல்லாம் தொளச்சிடும்.”

கதவைத் துளைக்காது என்று சொன்னேன். வண்ணம் பூசிய, பாலிஷ் போட்ட மரத்தைப் பொதுவாக அது சீந்துவதில்லை. வெறும் மரம்தான் வேண்டும். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் பெரிய மனிதர், மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஒரு மூங்கில் கழியின் விலை என்ன என்று யோசித்தால் அந்தப் பூச்சிக்கு நாம் கொடுக்கும் வீட்டு வாடகை தெரிந்துவிடும்.

சுத்தம் என்கிற எண்ணமே இதில் பெரிய இடைஞ்சல். ஒட்டடை அடிக்காத வீட்டைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆனால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு தன் கூட்டை இழுத்துத் தைப்பது அந்த ஒட்டடையால்தான். துணிக்கொடிக் கம்பியிலோ வாசல் விளக்கின் ஒயரிலோ தொங்கும் அந்தச் சின்னப் பையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் நார், சருகு, பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம்கூட இருக்கும். அத்தனையையும் சேர்த்துப் பிடித்திருப்பது சிலந்தி நூல். தையல்சிட்டு இலையைக் கோத்துத் தைப்பதற்கும் இதே நூல் வேண்டும். மூலை முடுக்கெல்லாம் துடைத்துவிட்டு, தேன்சிட்டுக்காகச் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி கட்டித் தொங்கவிடுகிற வீடுகள் இருக்கின்றன. சிட்டு அதையும் குடிக்கும், பாவம்.

பழைய ஆட்களிடம் இதற்கு வேறு வழி இருந்தது. ஜன்னல் கட்டையில் குளவி மண்கூடு கட்டினால் வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் என்பார்கள். கூட்டின் வடிவத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கிழவிகளும் உண்டு. உள்ளே குளவி சிலந்தியையோ பச்சைப் புழுவையோ கொட்டி மயக்கி அடைத்துவைத்திருக்கிறது, அதன் குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. கிழவிக்கு இந்த விவரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. கலைக்காதே என்பது ஒன்றே போதுமாக இருந்தது. நம்பிக்கை பொய்தான், கூடு பிழைத்தது நிஜம். இன்றைக்குச் சூழலியல் படித்த மருமகள் குச்சியால் தட்டிவிடுகிறாள், பெயின்ட் பாழாகிறதாம்.

இதுவரை சொன்னவை சாது ஜீவன்கள். மலைத்தேனீ சாது அல்ல. பெயர்தான் மலை. சிறுசேரிப் பக்கத்து உயர்ந்த அடுக்குமாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் அதற்குப் பாறை மாதிரிதான். பால்கனிக் கூரையின் அடியில் முறம் அகலத்துக்கு ஒற்றை அடை தொங்கினால் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப்பில் அன்றைக்கு வேறு பேச்சு கிடையாது. ராத்திரியில் தீப்பந்தத்தோடு ஆள் வருவான், அல்லது மருந்துப் பீய்ச்சியோடு. பள்ளிக்கூட வாசலுக்கு மேலே, லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் கூடு இருந்தால் தெரிந்த ஆளை வைத்து அப்புறப்படுத்தத்தான் வேண்டும். கலைந்த மலைத்தேனீ கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து, அதில் வீரம் பேசக் கூடாது. மற்ற இடங்களில், கூடு இருக்கும் பக்கம் விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, ஆள் நடமாட்டத்தைக் குறைத்தாலே போதும். மலைத்தேனீ ஊர் ஊராகப் போகிற கூட்டம். சில மாதம் இருந்துவிட்டுப் பூ வற்றியதும் தானே கிளம்பிவிடும். “அத்த ஒண்ணும் பண்ணாத சார், அதுவே பூடும்” என்று தேன் எடுக்கும் இருளர் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். தேனை விட்டுக்கொடுத்துச் சொன்ன யோசனை அது.

போனது திரும்பியும் வரும். அசாமில் இதை மரபணுச் சோதனை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் வேறெங்கோ போயிருந்த மலைத்தேனீக் கூட்டங்களின் ராணிகள் முன்பு இருந்த அதே இடத்துக்கு மறுபடி வந்து சேர்ந்ததை 2000இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வேலைக்கார ஈக்களின் ஆயுளோ வாரக்கணக்கு. வழி தெரிந்த வேலைக்காரி எவளும் மிச்சமில்லாத ஒரு கூட்டம் பழைய கொம்புக்கே வருகிறது என்பதை நினைத்தால், தீப்பந்தத்தைக் கொளுத்துகிற கை கொஞ்சம் தயங்கும் என்று நம்புகிறேன். தயங்குவதில்லை என்பது வேறு விஷயம்.

மலைத்தேனீ வீட்டுக்கு வந்தால் கொட்டுவதைவிட அடிக்கடி நேரும் தொல்லை ஒன்று உண்டு. காரின்மேலும் காயப்போட்ட வெள்ளை வேட்டியின்மேலும் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டு விழும். கூட்டமாகப் பறந்துபோய் ஒரே நேரத்தில் மலம் கழித்துவிட்டுத் திரும்பும் வழக்கம் அவற்றுக்கு. இந்தப் பொட்டுதான் ஒரு காலத்தில் வல்லரசுகளையே மோதவிட்டது. 1981இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க், தென்கிழக்கு ஆசியாவில் சோவியத் ஆதரவுப் படைகள் ‘மஞ்சள் மழை’ என்ற நச்சு ஆயுதத்தைப் பொழிகின்றன என்று குற்றம் சாட்டினார். ஹார்வர்டின் மேத்யூ மெசல்சனும் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியும் அந்த மஞ்சள் பொட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். செரித்துத் தீர்ந்த மகரந்தத்தின் கூடுகள். தேனீ எச்சம். அமெரிக்க அரசு தன் குற்றச்சாட்டை முறையாகத் திரும்பப் பெறவே இல்லை. நம் குடியிருப்போர் சங்கங்கள் இந்த விஷயத்தில் அமெரிக்க அரசுக்குச் சளைத்தவை அல்ல.

குடிவைப்பதன் கணக்கு இதோடு நிற்பதில்லை. தேனீ வந்தால் கம்பியில் பஞ்சுருட்டான் வந்து உட்காரும், ஒவ்வொன்றாகப் பிடித்துக் கம்பியில் அடித்துக் கொடுக்கை நீக்கித் தின்னும். தண்ணீர்த் தொட்டி வைத்தால் தவளை வரும். தவளை வந்தால் பாம்பு வரும். வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம். குருவி வேண்டும், எச்சம் வேண்டாம். தவளைச் சத்தம் மழைக்காலத்துக்கு அழகு, சாரை வேண்டாம். இப்படித் தேர்ந்தெடுத்து அழைக்க நினைப்பவர்களுக்குத் தோட்டம் சரிப்படாது, மீன்தொட்டி வைத்துக்கொள்ளலாம்.

பாம்பைப் பற்றிப் பேச இந்தக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் முதலைப் பண்ணையைத் தொடங்கினார். அதே வளாகத்தில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1972இன் வனவிலங்குச் சட்டமும் அதைத் தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் இருளர்களின் பிழைப்பைப் பிடுங்கியிருந்த நேரம். தோலுக்குப் பதில் விஷம் என்று தொழில் மாறியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கையும் உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, பிடித்த மாதிரியே விட்டுவிடும் ஏற்பாடு. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாம்பு எங்கே இருக்கும், எப்போது வெளியே வரும், எதை விட்டுவிடலாம் என்ற அறிவு நம் வீட்டுக்கு நாலு மைலில் இருக்கிறது. நாம் வீட்டைச் சுற்றிப் பினாயில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

அந்த முதலைப் பண்ணையே நான் சொல்லவரும் விஷயத்துக்கு நல்ல சாட்சி. தொடங்கும்போது அது கடலோர மணல். சுற்றிலும் சவுக்குத் தோப்பு. சவுக்கின் பூ காற்றை நம்பிப் பூப்பது, அதில் தேனீக்கு ஒரு சொட்டுத் தேன் கிடையாது. எரிக்க விறகு வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கரை நெடுகச் சவுக்கை நட்டுவைத்துவிட்டுப் போனார்கள். பண்ணைக்குள் பலவகை மரம் வைத்து வளரவிட்டார்கள். இன்று முதலைத் தொட்டிகளுக்கு மேலே கொக்கும் நாரையினமும் தாமாகவே வந்து கூடு கட்டுகின்றன. யாரும் அவற்றைக் கூப்பிடவில்லை. கீழே முதலை இருப்பதும் அவற்றுக்கு ஆட்சேபம் இல்லை.

குடிவைப்பதில் இந்த மாவட்டத்துக்கு இதைவிடப் பழைய அனுபவம் உண்டு. மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கல் ஊரார், தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, 1790களில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் பாதுகாப்புக்கு எழுத்து வாங்கினார்கள். அன்பினால் மட்டும் கேட்கவில்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயல் விளையும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான பறவை தங்கும் ஏரிக்கரையின் நாற்றத்தை நேரில் முகர்ந்தவர்களுக்குத்தான் அந்த ஊர் என்ன ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டது என்று புரியும். சும்மா வரவில்லை அந்தச் சரணாலயம்.

திருப்போரூருக்கு வருகிறேன். இங்கே முருகனே பனங்காட்டிலிருந்து வெளிப்பட்டவர் என்பது தலக்கதை. பதினேழாம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் பனைமரத்தடியில் மூர்த்தியைக் கண்டெடுத்துக் கோயில் எழுப்பினார் என்பார்கள். இன்றும் கோயிலில் பனைப் பாத்திரம் ஒன்றைக் காட்டுவார்கள். பனையைப்போல் குடிவைக்கும் மரம் இந்த மண்ணில் வேறு இல்லை. காய்ந்து தொங்கும் மட்டையின் அடியில் பனை உழவாரன் எச்சிலால் கூட்டை ஒட்டவைக்கும். ஓலை நுனியில் தூக்கணாங்குருவி. இடுக்கில் மரநாய். மரம் செத்து மொட்டையாக நின்றால் மரங்கொத்தி பொந்து குடையும், அதில் அடுத்து கிளி வரும், மைனா வரும், புள்ளி ஆந்தை வரும். உயிரோடிருக்கும் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. செத்த பனைக்கு வக்காலத்து வாங்க ஆள் இல்லை. மனை போடுகிறவர்கள் முதலில் தள்ளுவது அதைத்தான், வாங்க வருகிறவர்கள் கண்ணுக்கு லட்சணமாக இராது என்று.

அடுத்துப் போனது உயிர்வேலி. கிளுவை, நொச்சி, ஆடாதோடை, நடுவே சூரை, களா, ஏறிப்படரும் கோவை. செங்கல்பட்டுச் சாலையில் திருப்போரூர்க் காப்புக்காட்டை ஒட்டி நடந்தால் இவற்றின் உறவுக்காரர்களை இன்னும் பார்க்கலாம். காசாஞ்செடி பூத்து நீலமாக நிற்கும் நாளில் அந்தப் புதரே இரையும். சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. அடையாற்றுக் கழிமுகத்தில் கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைத் தொல்காப்பியப் பூங்காவாக்கி 2011இல் திறந்தபோது இதே காட்டுச் செடிகளைத்தான் தேடிக் கொண்டுபோய் நட்டார்கள். பறவையும் பூச்சியும் பின்னாலேயே வந்தன. நமக்கு ஏக்கர் வேண்டாம். மதிலின் ஒரு பக்கத்துக்கு நொச்சியும் ஆடாதோடையும் போதும், கடையில் வாங்கவும் வேண்டாம், குச்சி ஒடித்து ஊன்றினால் வந்துவிடும். தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986 முதல் மூலிகைச் செடிகளோடு புழங்கிவருகிறது. இந்தப் பக்கத்துச் செடியைப் பற்றி விசாரிக்க நர்சரியைவிட அந்தப் பெண்கள் பொருத்தமானவர்கள்.

பூவுக்கும் குறையில்லாமல் இருக்க வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை போன்றவற்றில் மகரந்தக் கேசரங்கள் இதழாக மாறிப்போயிருக்கும். பார்க்க நிறைவு, ஈக்கு ஒன்றும் இல்லை. ஒற்றை இதழ்ச் செம்பருத்தி மேல். தையில் முருங்கை, மாசியில் மா, பங்குனி சித்திரையில் வேம்பும் புங்கும். அதற்குப்பின் கோடையின் உச்சியில்தான் பஞ்சம். அப்போது துளசியைக் கிள்ளாமல் பூக்கவிடுவதும், அகலமான சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைப்பதும் பெரிய உபகாரம். கல் எதற்கென்றால், ஈ உட்கார்ந்து குடிக்க. இல்லாவிட்டால் முழுகிச் சாகும். மருந்து அடித்துத்தான் தீர வேண்டும் என்றால் அந்தி சாய்ந்தபின். இமிடாகுளோபிரிட் வகையறா மட்டும் வேண்டாம். அது செடியின் உடம்பெல்லாம் ஏறிப் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் போய்ச் சேரும், எப்போது அடித்தாலும் ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டது. நம் ஊரில் அசுவினிக்கு அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள்.

கொசுத்தேனீ கூட்டிலிருந்து சில நூறு மீட்டர் தூரம்தான் மேய்ச்சலுக்குப் போகும். அடுக்குத் தேனீ ஒரு கிலோமீட்டர், கொஞ்சம் கூட. என் மதில் என் மனை என்ற கணக்கு அவற்றுக்கு இல்லை. ஆகவே தெருவில் ஒரு வீட்டில் பொந்தும் இன்னொரு வீட்டில் பூவும் இருந்தாலும் காரியம் நடந்துவிடும். எங்கள் பக்கத்துப் புதுமனைகளில் அந்த வீடு பெரும்பாலும் வீடே அல்ல, காலி மனை. கல் நட்டு, கம்பி கட்டி, ஆள் வராமல் கிடக்கிற முப்பதுக்கு நாற்பது. ஐப்பசி மழைக்குப்பின் அதில் தும்பை வரும், கிலுகிலுப்பை வரும், வெட்டுக்காயப் பூண்டு தரை தெரியாமல் படரும். ஓரத்தில் எருக்கும் ஆவாரையும். நடுவில் யாரும் மிதிக்காத வெறும் மண். நான் நர்சரியில் செலவழித்து வைத்த எதையும்விட அந்த மனையில் கூட்டம் அதிகம். பொங்கலுக்கு முன்னால் சங்கத்தில் முடிவெடுத்து ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்வார்கள், பாம்பு வருகிறதென்று. ஒரு மனைக்கு மட்டும் விடவில்லை, உரிமையாளர் துபாயில், பணம் கட்டவில்லை. வீடு கட்டுகிற யோசனை அவருக்கு இப்போதைக்கு இல்லையாம், விலை இன்னும் ஏறட்டும் என்று வைத்திருக்கிறார். ரியல் எஸ்டேட்டைப் பற்றி நல்ல வார்த்தை எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை. அந்த விலை ஏறுவதற்கு இன்னும் பத்து வருஷமாவது ஆகட்டும்.